மூன்றாவது சிலிண்டர்

இன்ஜின் நிறுத்தப்பட்ட காலையில் பட்டறைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாவது மெக்கானிக். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவார் என்பதால் எல்லோரும் அவரைக் காதுக்காரர் என்றே அழைத்தார்கள். இரண்டாவது, கையில் கடிகாரத்தோடு டாக்டர். மூன்றாவது, மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளுக்கு விளிம்பு தைத்துக் கொடுக்கும் தையல்காரி. நான்காவது, ஆறு வருடம் கழித்து அன்றுதான் வீட்டுப் பக்கம் வந்திருந்த அவளுடைய மகள். ஐந்தாவது, பிக்கப் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில், இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்தபடி, தையல்காரியின் கணவன். அவன் இறந்து அன்றோடு ஒன்பது வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தது.

அவன் இறந்தது பட்டப்பகலில், பாலத்து ஏற்றத்தில், பன்னிரண்டு ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு போகும்போது. பிரேக்கில் கால் இருந்தது, கியர் நியூட்ரலில் இருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்து அலுத்த பிறகு, பாலத்தடியில் கிளினிக் வைத்திருந்த டாக்டரைக் கூட்டி வந்தார்கள். டாக்டர் நாடி பிடித்தார், இல்லை. மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. முழங்காலில் வைத்தே இறப்புச் சீட்டை எழுதி முடித்து, வண்டியை அணைக்கலாமென்று டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த கம்பிக் குமிழை இழுக்கப் போனார். "யோவ், கையை எடு" என்றான் இறந்தவன். டாக்டர் சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடி பன்னிரண்டும் உடையாமல் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு அந்த இன்ஜின் ஒரு நாளும் நிற்கவில்லை. வண்டியிலிருந்து நாற்பது தப்படி வரைக்கும் அவனால் நடக்க முடிந்தது. நாற்பத்தொன்றாவதில் முட்டி மடங்கிவிடும். லைசென்ஸைப் புதுப்பிக்கும் அலுவலகத்தில் வாசலிலிருந்து கவுண்டர் முப்பத்தெட்டாவது தப்படியில் இருந்ததால் அந்த வேலையும் நடந்தது. ஆள் நேரில் வந்து நிற்கிறான், போட்டோவும் ஒத்துப்போகிறது, வேறென்ன கேட்பது என்று குமாஸ்தா முத்திரை குத்தினார். டீசல் போடும் இடத்தில் 'இன்ஜினை அணைக்கவும்' என்று பலகை இருந்தது. அவன் வண்டி வரும்போதெல்லாம் அங்கே வேலை செய்தவர் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார். கீழே பழைய ஆயிலை வடியவிட்டுக்கொண்டே மேலே புது ஆயிலை ஊற்றக் காதுக்காரர் பழகிக்கொண்டார். அதில் ஒருமுறை அவருடைய ஒரு புருவம் போனது. அது திரும்ப வளரவே இல்லை.

செத்தால் மனிதன் திருந்திவிடுவான் என்று யாராவது நினைத்திருந்தால் அது நடக்கவில்லை. உயிரோடு இருந்தபோது அவன் எதற்கெடுத்தாலும் கை நீட்டுகிறவன். ஒருநாள் வாக்குவாதத்தில் வண்டிக் கதவைத் தையல்காரியின் இடது சுண்டு விரல் மேல் சாத்தினான். அது கோணலாகவே கூடிவிட்டது. இறந்த பிறகும் மூன்று வருடம் அதே அடி, அதே வசவு. பதினேழு வயதில் மகள் ஒரு பையோடு வெளியேறியது அப்போதுதான். ஆனால் நாலாவது வருடத்திலிருந்து என்னவோ ஆனது. முதலில் கை ஓங்குவது நின்றது. பிறகு குரல் தணிந்தது. ஐந்தாவது வருடத்தில் ஒருநாள், தையல் மிஷின் பக்கத்தில் வந்து நின்று, "சாப்பிட்டியா?" என்று கேட்டான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. அவள் அன்று விரிப்பின் விளிம்பைத் தலைகீழாக மடித்துத் தைத்துவிட்டாள். அதன் பிறகு தினமும் கேட்டான். அவள் துணிக்கட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய நாட்களில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினான். வழியில் கதை சொன்னான். அவனுக்குக் கதை சொல்லத் தெரியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மகளுக்குப் போனில், "உங்கப்பா செத்த பிறகுதான் ஆளாயிருக்காருடி" என்று சொல்லிப் பார்த்தாள். மகள் போனை வைத்துவிட்டாள்.

இந்த வருடம் வண்டி நடுங்க ஆரம்பித்தது. காலையில் வெள்ளைப் புகை, இருமல் மாதிரி ஒரு தட்டல், ஏற்றத்தில் இழுவை இல்லை. அசைவில் இரண்டு கண்ணாடிகள் விரிசல் விட்டபோது கண்ணாடிக் கடைக்காரர் லோடு கொடுப்பதை நிறுத்தினார். காதுக்காரர் ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார். அளவு குறையவில்லை, கூடியிருந்தது. "எண்ணெய் கூடிருக்குன்னு சந்தோஷப்படாதே தங்கச்சி" என்று கம்பியை அவள் மூக்கருகே நீட்டினார். டீசல் வாடை அடித்தது. ஏதோ ஒரு இன்ஜெக்டர் தேய்ந்துபோய், டீசலைப் பனியாகத் தூவாமல் சொட்டுச் சொட்டாக விடுகிறது, எரியாத டீசல் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கிறது என்றார். எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகும் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது. நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் இன்ஜின் தடுமாறும். கெட்ட சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எந்த மாற்றமும் இருக்காது.

தையல்காரி கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் முட்டை லாரி ஒன்று கவிழ்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். காதுக்காரர் முதல் நட்டைத் தளர்த்தினார். இன்ஜின் தடுமாறியது, அவன் கால்கள் இரண்டும் பெடலிலிருந்து துணியாய் நழுவின. இறுக்கியதும் கால்கள் திரும்பி வந்தன. இரண்டாவதைத் தளர்த்தினார். "யாரு விளக்கை அணைச்சது?" என்றான் அவன், வெயிலில் கண்ணைத் திறந்தபடி. மூன்றாவதைத் தளர்த்தினார். இன்ஜின் அப்படியே ஓடியது. அவன், முட்டைகள் உருண்டோட ஊரே குனிந்து நின்றதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நாலாவதைத் தளர்த்தியபோது சிரிப்பு நின்றது. அவளைத் திரும்பிப் பார்த்து மரியாதையாக, "நீங்க யாருங்க?" என்று கேட்டான். காதுக்காரர் அவசரமாக இறுக்கினார். "ஆள் சிக்கிட்டான். மூணாவது" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

"அதுல என்னண்ணே இருந்துச்சு?" என்று தையல்காரி கேட்டாள்.

"டீசல்தான். வேறென்ன? இது நேத்திக்குக் கெட்டதில்லை தங்கச்சி. ஆறு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டு வந்திருக்கு."

அவள் வீட்டுக்குப் போய் மிஷினில் உட்கார்ந்தாள். அன்று மாலைக்குள் மூன்று ஊசிகளை முறித்தாள். ஆறு வருடக் கணக்கை எந்தப் பக்கமிருந்து போட்டாலும் அவன் கை ஓங்காமல் போன வருடத்தில்தான் வந்து நின்றது. மறுநாள் தனியாகப் பட்டறைக்குப் போனாள். அந்த ஒன்றை மட்டும் மாற்றாமல் விட்டால் என்ன என்று கேட்டாள். பிஸ்டனில் ஓட்டை விழும், இன்ஜின் போகும், இன்ஜினோடு ஆளும் போவான், ஒரு மாதம் தாங்கினால் அதிகம் என்றார் அவர். சரி, மற்ற மூன்றையும் மாற்றுங்கள் என்றாள்.

"நல்லதை மாத்திட்டுக் கெட்டதை விடச் சொல்ற முதல் ஆள் நீதான்."

"என் மிஷின்ல நூல் இறுக்கத்தைக் குறைப்பேன். அந்த மாதிரி மூணாவதைக் கொஞ்சம் கம்மியா வைக்க முடியாதா? ஓடட்டும். ஆனா முழு வேகத்துல வேணாம்."

காதுக்காரர் யோசித்தார். இன்ஜெக்டருக்குள் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு மேலே கடுகு கனத்தில் சில தகடுகள். தகடு கூடினால் அழுத்தம் கூடும், குறைந்தால் குறையும். இரண்டு தகடு எடுத்தால் கொஞ்சம் மந்தமாகத் தூவும், ஆனால் சொட்டாது. கெடுதல் இல்லை, செய்யலாம் என்றார். எதற்கு என்றும் கேட்டார். அவள் இடது கையை வொர்க் பெஞ்சின் மேல் விரித்து வைத்தாள். அவர் சுண்டு விரலைப் பார்த்தார். பிறகு வைஸ் இடுக்கியில் மாட்டியிருந்த எதையோ பார்த்துக்கொண்டு, "ம்" என்றார். அந்த 'ம்'மை நம்பித்தான் அவள் வீட்டுக்குப் போனாள்.

நாள் குறித்தார்கள். இன்ஜினை நிறுத்தி வேலை முடிய நாற்பது நிமிடமாவது ஆகும் என்றார் காதுக்காரர். இதயம் நின்றால் உயிருள்ளவனுக்கு ஆறு நிமிடம்தான், இறந்தவனுக்கு எவ்வளவு என்று தான் படித்ததில் இல்லை என்றார் டாக்டர். ஒன்பது வருடமாக செல்ஃப் எடுக்காத வண்டிக்குப் புது பேட்டரி வந்தது. நாலு இன்ஜெக்டரும் முந்தின நாளே பெஞ்சில் சோதிக்கப்பட்டு, எண் எழுதிய நாலு துணிகளில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. கணவனிடம் கேட்டபோது, "நீ சொன்னா சரி" என்றான். மகளைப் பார்த்ததும், "இளைச்சுட்டியே கண்ணு" என்றான். மகள் சுவரைப் பார்த்தாள். அவன் வண்டியை, அடியில் இறங்கி வேலை செய்யும் தரைக்குழியின் மேல் சரியாக நிறுத்தினான். காதுக்காரர் தலையாட்டியதும், மனைவியைப் பார்த்து, "போய்ட்டு வரேன்" என்று சொல்லிக் கம்பிக் குமிழைத் தானே இழுத்தான்.

இன்ஜின் நின்றது. அந்தத் தெருவில் ஒன்பது வருடமாக அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள் திடீரென்று தாங்கள் கத்துவதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அவன் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்தது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து, "இப்பத்தான் சரியா செத்திருக்கார்" என்று இன்னொரு இறப்புச் சீட்டில் நேரத்தைக் குறித்தார். காதுக்காரர் குழாய்களைக் கழற்றினார். இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாகத் திருகி உருவினார். மூன்றாவதன் முனை கரி பிடித்து, ஈரமாக, அழுகிய பல் மாதிரி வந்தது. நாலாவது நிமிடத்தில் முதல் ஈ வந்தது. எட்டாவது நிமிடத்தில் அவன் கால் விரல் நகங்கள் கறுத்தன. ஒன்பது வருடமாக வராமலிருந்தது மொத்தமாக வரத் தொடங்கியிருந்தது. பாதம், கணுக்கால் என்று மேலே ஏறியது. தையல்காரி கையில் ஒரு துணியோடு உட்கார்ந்து ஈ ஓட்டினாள். டாக்டர் வண்டியின் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

காதுக்காரர் பழைய செம்பு வாஷர்களை இன்ஜெக்டர் குழிகளிலிருந்து கிளறி எடுத்துக்கொண்டிருந்தபோது மகள் அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள். "அம்மா. இப்படியே விட்டுடு. யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க. இன்னிக்கே என்கூட வந்துடு."

"அண்ணன் மூணாவதைக் கம்மியா வெச்சிருக்கார்டி. நான் சொல்லியிருக்கேன்."

"கம்மியா எதுக்கு? மொத்தமாவே வேணாம்."

நிறுத்தச் சொல்லத் தையல்காரிக்கு இருபது நிமிடம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். காதுக்காரரும் அந்த வார்த்தைக்காகக் காத்திருப்பவர் போலவே வாஷர்களை நிதானமாகத் துடைத்தார். அவளுக்குள் ஓடியது முட்டை லாரிக் கதை. உருண்டோடிய முட்டைகளில் ஒன்று உடையாமல் எங்கேயோ போய் நின்றது என்று அவன் சொன்னான். எங்கே என்று சொல்வதற்குள்தான் நாலாவது நட்டைத் தளர்த்திவிட்டார்கள். அவள் ஈயை ஓட்டினாள். புது வாஷர்கள் உட்கார்ந்தன, நாலு இன்ஜெக்டரும் உள்ளே போயின, குழாய்கள் இறுகின. கறுப்பு முட்டியைத் தொட்டபோது நாற்பத்தொரு நிமிடம் ஆகியிருந்தது.

காதுக்காரர் சாவியைத் திருப்பினார். செல்ஃப் சுற்றியது, இன்ஜின் ஒருமுறை செருமிவிட்டு அடங்கியது. குழாயில் காற்று இருக்கிறது என்று நட்டைத் தளர்த்தி, டீசல் நுரையில்லாமல் வரும்வரை வெளியே விட்டு, மறுபடி இறுக்கினார். இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. புகை இல்லை, தட்டல் இல்லை. துணி கிழிப்பது போல ஒரே சீரான சத்தம். காதுக்காரர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே இல்லை. ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி ஓடும் இன்ஜினின் மூடி மேல் வைத்தார். தண்ணீர் அசையவில்லை. முப்பது வருட வேலையில் அப்படி ஓடி அவர் பார்த்ததில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் இரண்டாவது சீட்டையும் கிழித்தார்.

அவன் தலை நிமிர்ந்தான். காலைப் பார்த்தான். வண்டி ஜன்னலோரம் நின்ற மனைவியைப் பார்த்தான். "யாரைக் கேட்டுடி என் வண்டியை நிறுத்தினே?" என்று புறங்கையால் அடித்தான். அவள் பெஞ்சில் போய் மோதி விழுந்தாள். டம்ளர் தண்ணீர் அப்போதும் அசையவில்லை. "ஏறு வண்டியில. வீட்டுக்கு வா, பேசிக்கறேன்." அவளுடைய பழைய பழக்கத்துக்கு ஆறு வருடம் என்பது ஒன்றுமே இல்லை. உதட்டில் ரத்தத்தோடு எழுந்து, வண்டியைச் சுற்றிப் போய், மறுபக்கக் கதவின் பிடியில் கை வைத்துவிட்டாள். மகள் பின்னாலிருந்து அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

அப்போது காதுக்காரரைக் காணவில்லை. அவர் குழிக்குள் இறங்கியிருந்தார். பின்சக்கரத்துக்குப் போகும் தண்டில் நாலு போல்ட்டுகள். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக அவர் எதையும் கழற்றியதில்லை. அவன் ரிவர்ஸ் கியரைப் போட்டு, கறுத்த காலால் கிளட்ச்சை விட்டபோது இன்ஜின் உறுமியது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. என்ன என்று பார்க்க அவன் இறங்குவதற்குள் மூன்று பேர் வெளியே வந்துவிட்டார்கள். காதுக்காரர் கடைசியாகக் குழியின் மறுமுனையில் ஏறி வந்து இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினார். உள்ளேயிருந்து முதல் உதை விழுந்தது.

அவர் தெருவிலேயே, மண்ணில், உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு தகட்டையும் கையில எடுத்தேன் தங்கச்சி. சத்தியமா எடுத்தேன். டெஸ்டர்ல போட்டுப் பாத்தேன். மூணு பனி மாதிரி தூவுது, ஒண்ணு மட்டும் எச்சில் துப்பற மாதிரி துப்புது. அதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியலை. கை தானா திருப்பிப் போட்டுடுச்சு."

"வேலை சுத்தமாத்தான் இருக்கு அண்ணே" என்றாள் தையல்காரி, உதட்டைத் துடைத்துக்கொண்டு. அதில் கேலி இருந்ததா என்று அவர் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

மறுபடி நிறுத்தித் தகடுகளை எடுக்கலாமே என்று கேட்டவர்களுக்கு டாக்டர் பதில் வைத்திருந்தார். முட்டிவரை வந்தது முட்டியோடு நின்றிருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு நாற்பது நிமிடம் அந்த உடம்பில் இல்லை. காதுக்காரர் பட்டறையை அப்படியே விட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளி வேறு இடம் பார்த்துக்கொண்டார். போவதற்கு முன்னால் இரண்டு வேலை செய்துகொடுத்தார். வெளியிலிருந்தே டீசல் ஊற்றச் சுவர் வழியாக ஒரு குழாய் போட்டார். அவன் முதல் தடவை களைத்து உட்கார்ந்த சமயம் பார்த்து உள்ளே போய், மூன்றாவது இன்ஜெக்டரின் குழாயையும் சுவருக்கு வெளியே கொண்டுவந்து, திருகி மூடும் ஒரு டேப் வைத்தார். டேப்பைத் திருப்பினால் மூன்றாவதுக்குப் போகும் டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். பாதி திருப்பி வைத்தும் பார்த்தார்கள். அந்த விஷயத்தில் பாதி என்பது கிடையாது. மூன்று சிலிண்டரில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடலாம், அதற்கு மேல் ஓடினால் அந்த ஆட்டத்திலேயே கிராங்க் தண்டு உடைந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு யாருடைய இன்ஜின் மேலும் அவர் டம்ளர் வைக்கவில்லை.

அப்படியாக ஐந்து வருடம் ஆகிறது. இருபத்திமூன்று மணி நேரம் உள்ளே வசவும் உதையும். இன்ஜின் சத்தம் அதைப் பெரும்பாலும் மறைத்துவிடும். எதிர்வீட்டுக்காரர்கள் குழந்தைகளின் படுக்கையை மட்டும் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். மாலை நாலு மணிக்கு டேப் திரும்பும், சுவர் ஆடும், தையல்காரி உள்ளே போவாள். சுவருக்கு அடுத்த பக்கம் இருந்த கண்ணாடிக் கடைக்காரர் அந்த நேரத்தில் கண்ணாடிப் பலகைகளைச் சுவரிலிருந்து நகர்த்தி வைப்பார். ஒருமுறை டேப் ஒழுகி, பாதி நேரத்திலேயே இன்ஜின் சீராக ஓட ஆரம்பித்துவிட்டது. அன்று தையல்காரிக்கு இரண்டு பற்கள் போயின. மகள் பதறிக் கதவைத் திறந்ததில் அவன் தெருவில் முப்பத்தாறு தப்படி வரை வந்துவிட்டான். பள்ளிக்கூடம் விட்ட நேரம். அதிலிருந்து தையல்காரி கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள்: சத்தம் மாறினால் டேப்பைப் பார், கதவைத் தொடாதே.

மகள் இப்போது அம்மாவோடுதான் இருக்கிறாள். எத்தனை தடவை கேட்டாலும் பதில் ஒன்றுதான் என்று தெரிந்தும் கேட்பாள். இன்றும் டீசல் கேனைத் தூக்கிக் குழாயில் கவிழ்த்தபடி கேட்டாள்.

"ஒரு மணி நேரத்துக்காக இருபத்திமூணு மணி நேரத்துக்கு டீசல் ஊத்தறோம்மா."

"ஒரு சிலிண்டருக்காக மூணைச் சாகடிக்கச் சொல்றியா?"

"நாலும் சேர்ந்ததுதாம்மா அப்பா."

தையல்காரி காலிக் கேனை வாங்கிக் கீழே வைத்தாள். நாலு மணி ஆனதும் டேப்பைத் திருப்பினாள். குழாயில் மிச்சமிருந்த டீசல் தீரும்வரை சுவரில் கை வைத்து நின்றாள். உள்ளே கதவை உதைத்துக்கொண்டிருந்த சத்தம் ஒன்று குறைந்தது, இரண்டு குறைந்தது, நின்றது. சுவர் ஆட ஆரம்பித்தது. தைக்க வேண்டிய விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள். மகள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இரும்புக் கதவைச் சாத்தி, வெளியே பூட்டினாள்.